பூட்டியவர் போய்விட்டார், சாவி எங்கே?

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் சில மாதங்களில் பலருக்கும் ஓர் ஆசை வரும். ஏதாவது ஒரு இஎக்ஸ்இ பைலை நோட்பேடில் திறந்து, உள்ளே என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. திரை முழுக்கக் கோணல்மாணலாகக் குறிகள் வரும். உடனே மூடிவிட்டு, இது நமக்கான வேலை இல்லை என்று போய்விடுவோம்.

ஸ்மார்ட் போனில் இயங்கும் அப்ளிகேஷன்களின் கதை கொஞ்சம் வேறு. அவற்றைத் திறந்து பார்க்க முடியும். அதற்கென்றே இலவச டூல்கள் இன்டர்நெட்டில் கிடைக்கின்றன. திறக்க முடிகிறது என்பதாலேயே, திறந்தாலும் புரியக் கூடாது என்று புரோகிராமை வேண்டுமென்றே குழப்பி வைக்கும் பழக்கம் வந்தது. இதற்கு ஆப்பஸ்கேஷன் என்று பெயர். இந்த வேலையைச் செய்யத் தனி டூல்கள் இருக்கின்றன.

இவற்றின் மேல் புரோகிராமர்களுக்கு நெடுநாளாக எரிச்சல் உண்டு. ஆண்டிமடத்தில் இருந்துகொண்டு சிறு வியாபாரிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் அப்ளிகேஷன் எழுதித் தரும் எனக்கும் உண்டு. இது புரோகிராமர்களின் சொந்தப் பிரச்னை என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். காசு கொடுத்து அப்ளிகேஷன் செய்யச் சொல்கிறவருக்கும், அதில் தன் கணக்கை ஏற்றி வைத்திருப்பவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்டுவதில் தவறில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருமே கேட்காமல் இருப்பதுதான் தவறு.

எழுதுவது ஒன்று, இயங்குவது ஒன்று

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ஒரு புரோகிராமர் எழுதுவது மனிதர் படிக்கக் கூடிய வரிகள். இதற்கு சோர்ஸ் கோடு என்று பெயர். இதில் ஒவ்வொரு பகுதிக்கும் அவர் ஒரு பெயர் வைப்பார். பாக்கியைக் கணக்கிடும் பகுதிக்கு "பேலன்ஸ்", எடை குறிக்கும் இடத்துக்கு "வெயிட்" என்பது போல. பெயரைப் பார்த்தாலே அது என்ன செய்கிறது என்று புரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இந்த சோர்ஸ் கோடு அப்படியே போனில் ஓடாது. கம்பைலர் என்ற புரோகிராம் அதை மெஷினுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றும். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலான அப்ளிகேஷன்கள் ஜாவா அல்லது காட்லின் மொழியில் எழுதப்படுகின்றன. இந்த மொழிகளில் ஒரு விசேஷம் உண்டு. கம்பைல் செய்த பிறகும், புரோகிராமர் வைத்த பெயர்களில் பெரும்பாலானவை பைலுக்குள் அப்படியே தங்கிவிடும். எனவே டீகம்பைலர் என்ற டூலைக் கொண்டு, கம்பைல் ஆன பைலில் இருந்து ஏறக்குறைய சோர்ஸ் கோடு போலவே ஒன்றைத் திரும்பப் பெறலாம். ஆண்ட்ராய்டுக்கு ஜாடக்ஸ் என்ற இலவச டூல் இதைச் சில நிமிடங்களில் செய்துவிடும்.

ஆக, நீங்கள் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய அப்ளிகேஷனை, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஒரே மாலையில் திறந்து, பெயரை மாற்றித் தன்னுடையது என்று விற்க முடியும். இந்தப் பயம் நியாயமானது. இதில் இருந்துதான் ஆப்பஸ்கேஷன் தொடங்குகிறது.

குழப்பும் டூல் என்ன செய்கிறது?

2000ஆம் ஆண்டையொட்டி கம்ப்யூட்டரில் தமிழ் டைப் செய்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். அன்று ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. பாமினியில் டைப் செய்த கடிதத்தை, பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வரும். கடிதம் அழியவில்லை. எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற அட்டவணைதான் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. அந்தத் தொல்லையைத் தீர்க்கத் தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்ற முறைகளை அறிவித்தது. பின்பு 2010இல் யூனிகோடை ஏற்றது.

ஆப்பஸ்கேஷனும் ஏறக்குறைய இதே விஷயம்தான். வித்தியாசம், இங்கே அது வேண்டுமென்றே செய்யப்படுகிறது. "பேலன்ஸ்" என்ற பெயரை எடுத்துவிட்டு "ஏ" என்று வைக்கும். "வெயிட்" என்பதை "பி" ஆக்கும். இப்படி ஆயிரக்கணக்கான பெயர்கள் ஒற்றை எழுத்துகளாகவும் இரட்டை எழுத்துகளாகவும் மாறிவிடும். போனுக்குப் பெயர் எதுவானால் என்ன? அது வழக்கம் போல இயங்கும். மனிதருக்குத்தான் தலையும் புரியாது, காலும் புரியாது.

ஆனால் எது எதுவாக மாறியது என்ற அட்டவணையை அந்த டூல் தனியாக ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதி வைக்கும். இதற்கு மேப்பிங் பைல் என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் சாவி இதுதான்.

ஜாவா உலகில் இந்த வேலைக்குப் புகழ்பெற்ற டூல் புரோகார்ட். எரிக் லாஃபோர்ச்சூன் என்பவர் இதை 2002இல் வெளியிட்டார். அப்போது ஸ்மார்ட் போன்கள் பரவியிருக்கவில்லை. பட்டன் வைத்த போன்களில் ஜாவா கேம்கள் ஓடின. நோக்கியாவின் தொடக்ககால சீரிஸ் 40 போன்களில் ஒரு ஜாவா அப்ளிகேஷன் 64 கேபிக்கு மேல் போகக் கூடாது. பெயர்களைச் சுருக்கினால் பைலும் சுருங்கும் அல்லவா? எனவே அன்று பலர் இந்த வகை டூல்களைப் பயன்படுத்தியது ஒளித்து வைப்பதற்காக என்பதைவிட இடம் மிச்சப்படுத்துவதற்காகவே.

பின்னர் ஆண்ட்ராய்டு புரோகிராமர்களும் புரோகார்டையே பயன்படுத்தினார்கள். 2019இல் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ 3.4 வந்தபோது, அதன் இடத்தில் கூகுள் தன் ஆர்8 என்ற டூலை வைத்தது. இது மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது. பயன்படாத பகுதிகளை வெட்டி எறிகிறது. மிச்சத்தை வேகமாக இயங்கும்படி திருத்துகிறது. பெயர்களை மாற்றுகிறது. முதல் இரண்டும் நமக்கு நல்லது. குறைந்த ஸ்டோரேஜ் உள்ள போன் வைத்திருப்பவருக்குச் சிறிய அப்ளிகேஷன் ஒரு வரம். தொல்லை என்னவென்றால், மூன்றும் ஒரே சுவிட்சில் இணைந்து வருவதால், சிறிய பைல் வேண்டும் என்று சுவிட்சைப் போடுகிறவருக்குக் குழப்பமும் கூடவே வந்து சேர்கிறது. பிரித்துச் சொல்லும் வழி உண்டு. அதை நாடுபவர்கள் குறைவு.

என் மேஜையில் ஓடுகிறது, உங்கள் போனில் ஓடவில்லை

இனி புரோகிராமர் படும் பாட்டுக்கு வருவோம்.

ஓர் அப்ளிகேஷனை எழுதும்போது நாங்கள் சோதித்துப் பார்ப்பது டீபக் என்ற பதிப்பை. அதில் பெயர்கள் மாறுவதில்லை. எல்லாம் சரியாக ஓடும். பிறகு உங்களுக்குத் தர ரிலீஸ் என்ற பதிப்பைத் தயாரிப்போம். குழப்பும் டூல் வேலை செய்வது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ஒரு மாதம் பழுதில்லாமல் ஓடிய அப்ளிகேஷன், உங்கள் போனுக்கு வந்ததும் திறந்த உடனே மூடிக்கொள்ளும்.

ஏன் இப்படி? பள்ளிக்கூட வருகைப் பதிவை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், மாணவன் "உள்ளேன் ஐயா" என்கிறான். ஒரு நாள் காலையில் யாரோ எல்லா மாணவர்களின் பெயரையும் ஏ, பி, சி என்று மாற்றிவிட்டார்கள், ஆசிரியரின் பதிவேட்டை மட்டும் மாற்றவில்லை. அவர் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பதில் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

புரோகிராமிலும் இதே நிலை. ஒரு பகுதி இன்னொரு பகுதியை நேரடியாகக் கூப்பிட்டால் டூலுக்குத் தெரியும், இரண்டு இடத்திலும் மாற்றிவிடும். ஆனால் சில இடங்களில் பெயரை ஒரு சொல்லாக எழுதி வைத்து, இயங்கும் நேரத்தில் அதைத் தேடுவது உண்டு. இதை ரிப்ளெக்ஷன் என்பார்கள். சர்வரில் இருந்து வரும் தகவலில் "வெயிட்" என்று இருக்கும், போனில் உள்ள புரோகிராமில் அது "பி" ஆகியிருக்கும். இரண்டும் பொருந்தாது. சில நேரம் அப்ளிகேஷன் நின்றுவிடும். சில நேரம் நிற்காமல், எடை இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யத்தைக் காட்டும். இரண்டாவதுதான் ஆபத்து. நின்றுபோனால் நாலு பேர் போன் செய்து சொல்வார்கள். பூஜ்யம் காட்டினால் யாரும் கவனிக்காமல் போகலாம்.

இதைத் தடுக்க "இந்தப் பெயரை மாற்றாதே" என்று டூலுக்குச் சொல்லும் விதிகளை எழுத வேண்டும். இவற்றுக்குக் கீப் விதிகள் என்று பெயர். ஒரு சாதாரண அப்ளிகேஷனில் பிறர் எழுதிய லைப்ரரிகள் பல இருக்கும். எந்த லைப்ரரி எந்தப் பெயரைத் தேடுகிறது என்று எப்படித் தெரியும்? நல்ல லைப்ரரிகள் தங்கள் விதிகளைத் தாங்களே கொண்டு வரும். மற்றவற்றுக்கு முட்டி மோதித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விதியைச் சேர்ப்பது, மறுபடி கம்பைல் செய்வது, போனில் ஏற்றுவது, ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுப் பார்ப்பது. ஒரு நாள் முழுக்க இப்படியே போகும். டூலின் புதிய பதிப்பு வந்தால் நேற்று வரை போதுமாக இருந்த விதிகள் இன்று போதாமல் போகலாம். வெறுத்துப்போய் "எதையும் மாற்றாதே" என்று ஒரே வரி எழுதிவிட்டு, ஆப்பஸ்கேஷன் செய்தாயிற்று என்று சொல்கிறவர்களும் உண்டு.

அப்ளிகேஷன் உங்கள் போனில் நின்றுபோனால், எந்த வரியில் நின்றது என்று ஒரு குறிப்பு உருவாகும். சாதாரணமாக "பேலன்ஸ் பகுதியில் 42ஆவது வரி" என்று வர வேண்டிய குறிப்பு, "ஏ.பி.சி பகுதியில் பிழை" என்று வரும். மேப்பிங் பைல் இருந்தால் ஒரு நிமிடத்தில் பழைய பெயருக்கு மாற்றிப் படித்துவிடலாம். இல்லையென்றால் இருட்டில் ஊசி தேடுவதுதான். இன்னொன்று, ஒவ்வொரு முறை ரிலீஸ் தயாரிக்கும்போதும் மேப்பிங் பைல் புதிதாக உருவாகும். இந்த மாதப் பைலை வைத்துப் போன மாதப் பதிப்பைச் சரியாகப் படிக்க முடியாது. பிளே ஸ்டோருக்கு இப்போதைய ஆப் பண்டில் முறையில் அனுப்பினால் மேப்பிங் பைலும் சேர்ந்தே போய்விடும். ஆனால் நம் ஊர்ப் பக்கங்களில் பல அப்ளிகேஷன்கள் பிளே ஸ்டோரைப் பார்ப்பதே இல்லை. ஏபிகே பைலாக வாட்ஸ்அப்பில் வந்து இறங்குகின்றன. அவற்றின் மேப்பிங் பைல், எழுதியவரின் கம்ப்யூட்டரோடு சரி.

ஆண்டிமடத்தில் வந்த ஒரு வழக்கு

ஆண்டிமடம் அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடைப்பட்ட ஊர். சுற்றிலும் முந்திரித் தோப்புகள். முந்திரிக் கொட்டை வாங்கும் வியாபாரிகள் விவசாயிகளுக்கு முன்பணம் கொடுப்பார்கள். கொட்டை வரும்போது எடை போட்டுக் கழிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி இந்தக் கணக்கைப் பச்சை அட்டை நோட்டில் இருந்து போனுக்கு மாற்றியிருந்தார். வெளியூர் நிறுவனம் ஒன்று பணம் வாங்கிக்கொண்டு அவருக்காகவே ஓர் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்திருந்தது. மூன்று பருவம் நன்றாகவே ஓடியது.

பிறகு அவருடைய போன் கிணற்றடித் தொட்டியில் விழுந்தது. அவர் கெட்டிக்காரர். வாரம் தவறாமல் மெமரி கார்டில் பேக்கப் எடுத்து வைத்திருந்தார். ஏபிகே பைலும் இருந்தது. புதுப் போன் வாங்கி அப்ளிகேஷனை ஏற்றினார், ஏறியது. பேக்கப்பைத் திறக்கச் சொன்னார். அப்ளிகேஷன் மூடிக்கொண்டது. எத்தனை முறை செய்தாலும் அதேதான். எழுதிக் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்தால், அந்த எண் உபயோகத்தில் இல்லை. ஊர் ஊராக விசாரித்ததில், நிறுவனத்தை மூடிவிட்டார்கள் என்று தெரிந்தது.

"தம்பி, கணக்கு உள்ளேதான் இருக்கு. கதவுதான் தொறக்க மாட்டேங்குது" என்று போனை என் மேஜையில் வைத்தார். அறுவடைக் காலம் தொடங்கியிருந்தது. யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறார், யாருக்கு இவர் தர வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு பைலுக்குள். தோப்புக்காரர்கள் கணக்கைக் கேட்டால் என்ன சொல்வது? "நான் சொல்றதை நம்பு"ன்னு எத்தனை பேர்கிட்ட சொல்ல முடியும் என்று கேட்டார்.

அப்ளிகேஷனைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஏ, பி, சி, ஏஏ, ஏபி. நூற்றுக்கணக்கான பகுதிகள், ஒன்றுக்கும் பெயர் இல்லை. எங்கே நிற்கிறது என்று போன் காட்டிய குறிப்பும் அதே மொழியில் இருந்தது. மேப்பிங் பைல் இருந்தால் அன்று மாலையே பழுதைக் கண்டுபிடித்திருக்கலாம். நான்கு நாட்கள் உட்கார்ந்தேன். "டி" என்பது விவசாயியா, மூட்டையா, தேதியா என்று ஊகித்து ஊகித்துக் காகிதத்தில் குறித்துக்கொண்டே போனேன். பழுது பிடிபடவில்லை.

ஆனால் இன்னொன்று பிடிபட்டது. பேக்கப் பைல் ஒரு பாஸ்வேர்டால் பூட்டப்பட்டிருந்தது. அந்த பாஸ்வேர்ட் அப்ளிகேஷனுக்குள்ளேயே, தெளிவான ஆங்கில எழுத்துகளில், யார் பார்த்தாலும் படிக்கும்படி எழுதியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காரணம் எளியது. இத்தகைய இலவச டூல்கள் புரோகிராமர் வைத்த பெயர்களைத்தான் மாற்றும். மேற்கோள் குறிகளுக்குள் எழுதிய சொற்களை மறைக்காது. பாஸ்வேர்ட் அப்படிப்பட்ட ஒரு சொல்.

என்ன நடந்திருக்கிறது பாருங்கள். திருடனிடம் இருந்து மறைக்க வேண்டிய பாஸ்வேர்ட் வெட்ட வெளிச்சத்தில் இருந்தது. ரிப்பேர் செய்ய வருபவருக்குத் தெரிய வேண்டிய பெயர்கள் எல்லாம் மறைந்திருந்தன. அந்த பாஸ்வேர்டைக் கொண்டு பைலைத் திறந்து, கணக்கை ஒரு எக்ஸெல் ஷீட்டுக்கு மாற்றி, பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. அப்ளிகேஷனை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. பழுது தெரிந்திருந்தாலும், பழைய அப்ளிகேஷனின் மேலேயே திருத்திய பதிப்பை ஏற்ற, முதலில் கையெழுத்திட்ட அதே டிஜிட்டல் சாவி வேண்டும். அதுவும் மூடிப்போன நிறுவனத்தோடு போய்விட்டது. எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. ஒரே வேலைக்கு அவர் இரண்டு முறை பணம் கொடுத்தார்.

மறைத்தால் பாதுகாப்பா?

"எங்கள் அப்ளிகேஷன் ஆப்பஸ்கேட் செய்தது, யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி விற்கிறார்கள். இதை நம்பாதீர்கள். திறப்பவருக்கு வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். விலை கொடுத்து வாங்கும் சில டூல்கள் மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதையும் பூட்டி வைக்கின்றன. ஆனால் போனில் இயங்கும்போது அதைத் திறந்தாக வேண்டுமே? திறக்கும் வழியும் அதே பைலுக்குள்தான் இருக்கும். பொறுமை உள்ளவன் தேடி எடுத்துவிடுவான்.

இது புதிய ஞானம் இல்லை. ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் 1883இல் ராணுவ ரகசியச் செய்திகள் பற்றி எழுதியபோதே இதைச் சொல்லிவிட்டார். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று எதிரிக்கு முழுக்கத் தெரிந்தாலும், சாவி கிடைக்காதவரை பாதுகாப்பு உடையக் கூடாது. இதுதான் அவர் கருத்தின் சாரம். இன்று வங்கிகளும் இன்டர்நெட்டும் பயன்படுத்தும் என்கிரிப்ஷன் முறைகள் இந்த அடிப்படையில் நிற்கின்றன. அவற்றின் வழிமுறை எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. ரகசியம் சாவியில் மட்டும்தான்.

மாறாக, குழப்பி வைப்பதை மிகவும் விரும்பும் கூட்டம் ஒன்று உண்டு. அது வைரஸ் எழுதுகிறவர்களின் கூட்டம். ஜோக்கர் என்றும் பிரெட் என்றும் அழைக்கப்பட்ட தீய புரோகிராம் குடும்பம் ஒன்று, போன் வைத்திருப்பவருக்குத் தெரியாமல் அவர் கணக்கில் கட்டணச் சேவைகளில் சேர்த்துவிடும். அது கண்டுபிடிப்பில் இருந்து தப்பப் பலவிதக் குழப்பும் உத்திகளைப் பயன்படுத்தியது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சுமார் 1,700 அப்ளிகேஷன்களை பிளே ஸ்டோரில் இருந்து நீக்கியிருப்பதாக 2020 ஜனவரியில் கூகுள் தெரிவித்தது. நல்லவரும் கெட்டவரும் ஒரே முகமூடி போட்டுக்கொண்டால், வாசலில் நிற்கும் காவலாளி யாரை உள்ளே விடுவார்?

எதிர்ப்பக்கத்துக்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் 2 அன்று ஆரோக்கிய சேது அப்ளிகேஷன் வெளியானது. நாம் எங்கே போகிறோம், யார் அருகில் இருந்தோம் என்பதைப் பார்க்கும் அப்ளிகேஷன் என்பதால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும் எனப் பலர் கேட்டார்கள். 2020 மே 26 அன்று அதன் ஆண்ட்ராய்டு பதிப்பின் சோர்ஸ் கோடு கிட்ஹப் தளத்தில் வெளியிடப்பட்டது. அப்போது அதைப் பயன்படுத்தியவர்கள் 10 கோடிக்கும் மேல். பிழை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பரிசும் அறிவித்தார்கள். சர்வரில் இயங்கும் பகுதி அதோடு சேர்ந்து வெளியாகவில்லை. அது சரியான குறைதான். இருந்தாலும் நான் கவனிக்கச் சொல்வது வேறு. கோடிக்கணக்கானவர்களின் போனில் இருந்த ஓர் அப்ளிகேஷனின் சோர்ஸ் கோடை எல்லாரும் படிக்கும்படி வைக்க முடிந்தது. உள்ளே எழுதியிருப்பது தெரிந்தாலே பாதுகாப்பு போய்விடும் என்று சொல்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

மறுபக்கம்

"எல்லாவற்றையும் திறந்து போடு என்கிறாயா? என் உழைப்பைத் திருடினால் நீ வந்து நிற்பாயா?" என்று என் தொழில் நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு சின்ன கேம் எழுதி அதில் வரும் விளம்பர வருமானத்தில் வாழ்கிறவர், தன் அப்ளிகேஷனைச் சோம்பேறித் திருடர்கள் சுலபமாக நகல் எடுக்காமல் இருக்கக் குழப்பி வைக்கட்டும். வேலிக் கருவை முள் யானையைத் தடுக்காது. ஆட்டைத் தடுக்கும். அந்த அளவுக்கு அது பயன்தான். பைல் சிறுத்தால் வாடிக்கையாளருக்கும் லாபம்.

ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, தனக்காக மட்டும் எழுதச் சொன்ன அப்ளிகேஷனைப் பூட்டி, சாவியைச் சொல்லாமல் தன்னிடமே வைத்துக்கொள்வது எந்த விதத்தில் சேர்த்தி? கொத்தனார் வீட்டைக் கட்டி முடித்து, பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு போனால் நாம் விடுவோமா? சாப்ட்வேர் என்றால் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

சட்டம் என்ன சொல்கிறது?

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இது. பணம் கொடுத்துவிட்டால் அப்ளிகேஷன் நமக்குச் சொந்தம் என்று நினைக்கிறோம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உங்களுக்குச் சொந்தம். ஆனால் வெளியாள் ஒருவருக்குக் காண்டிராக்ட் கொடுத்து எழுத வைத்தால், பொதுவாக உரிமை எழுதியவருக்கே. அதை உங்கள் பெயருக்கு மாற்ற எழுத்து வடிவில், அவர் கையெழுத்துடன் ஒப்பந்தம் வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால், ஐந்து ஆண்டுகள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வாய்ப் பேச்சுக்கு இங்கே மதிப்பு இல்லை.

அதே சட்டத்தின் 52ஆவது பிரிவு உங்களுக்குச் சில வசதிகளும் தருகிறது. ஒரு புரோகிராமை முறையாக வைத்திருப்பவர், அழிவுக்கு எதிரான பாதுகாப்பாக பேக்கப் நகல் எடுக்கலாம். 1999ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தனியாக உருவாக்கிய வேறொரு புரோகிராமை அதனோடு இணைந்து இயங்க வைக்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, அதைப் பெறத் தேவையானதைச் செய்யவும் இடம் இருக்கிறது. ஆனால் சட்டம் அனுமதித்தால் மட்டும் போதுமா? ஏ, பி, சி என்று எழுதியிருப்பதைப் படிக்க அது உதவாதே.

நீங்கள் கேட்க வேண்டியவை

கடைக்கோ, பள்ளிக்கோ, சங்கத்துக்கோ அப்ளிகேஷன் செய்யச் சொல்லும் எண்ணம் இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள். எதற்கும் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை.

1. சோர்ஸ் கோடு எனக்குக் கிடைக்குமா? வேலை முடிந்ததும் ஒரு பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை. நாளை புரிகிற ஒருவர் வருவார்.

2. ஆப்பஸ்கேஷன் செய்திருக்கிறீர்களா? ஆம் என்றால், ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய மேப்பிங் பைலை, பதிப்பு எண்ணும் தேதியும் எழுதிய போல்டரில் போட்டுத் தர வேண்டும்.

3. அப்ளிகேஷனில் கையெழுத்திடும் டிஜிட்டல் சாவி பைலும் அதன் பாஸ்வேர்டும் யாரிடம் இருக்கும்? பிளே ஸ்டோரில் போடுவதாக இருந்தால் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

4. என் டேட்டாவை எக்ஸெல் போன்ற பொதுவான வடிவத்தில் வெளியே எடுக்க மெனுவில் வழி இருக்கிறதா? இந்த நான்கில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால், நான் இதைத்தான் கேட்டு வாங்குவேன். அப்ளிகேஷன் போனாலும் கணக்கு நிற்கும்.

5. உரிமை என் பெயருக்கு, முழுக் காலத்துக்கும், எழுத்தில் மாற்றித் தருவீர்களா?

"அதெல்லாம் தர மாட்டோம்" என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். சிலர் ஒரே சாப்ட்வேரைப் பல பேருக்குக் கொடுத்துத் தொழில் செய்கிறார்கள். அவர்கள் சோர்ஸ் கோடைத் தர முடியாது. அப்படியானால் விலை அதற்கேற்பக் குறைய வேண்டும், நான்காவது கேள்விக்கு மட்டும் "ஆம்" என்ற பதில் கட்டாயம் வர வேண்டும்.

புரோகிராமிங் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழப்பும் டூலைக் கடைசி நாளில் போடாதீர்கள். முதல் வாரத்திலேயே ரிலீஸ் பதிப்பைத் தயாரித்துப் போனில் ஓட்டிப் பாருங்கள். பிரச்னை ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொன்றாகத் தீர்க்கலாம். மேப்பிங் பைலை சோர்ஸ் கோடைப் போலவே பத்திரப்படுத்துங்கள். பாஸ்வேர்டுகளையும் ரகசியச் சாவிகளையும் அப்ளிகேஷனுக்குள் எழுதவே எழுதாதீர்கள். எந்தக் குழப்பும் டூலும் அந்தப் பாவத்தைக் கழுவாது.

ஒரு புரோகிராமர் கடையை மூடலாம், வெளிநாடு போகலாம், வேறு தொழிலுக்குப் போகலாம். அது அவர் விருப்பம். ஆனால் அவர் எழுதிய அப்ளிகேஷனில் யாரோ ஒருவர் தன் கொடுக்கல் வாங்கலை நம்பி வைத்திருப்பார். அவர் எழுதியதை அவருக்குப் பின் வரும் இன்னொருவர் படிக்க முடிய வேண்டும். அடுத்த முறை யாராவது "சார், முழுக்க ஆப்பஸ்கேட் செய்து தருகிறோம், பயப்படாதீர்கள்" என்று சொன்னால், தலையை ஆட்டாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மேப்பிங் பைல் எங்கே?" அதற்கு வரும் பதிலை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம்.